கார்பன் காப்பியை எடுத்து வை, கண்ணு

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள கண்ணு,

நீ போனில் சொன்னதை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் ராத்திரியே சென்னை பஸ் ஏறிவிடுவார். “நீ அந்தக் கூட்டத்தில் பேசியதால் டைட்டிலில் உன் பெயர் வந்தால் எங்களுக்கு வம்பு. வசனத்தை மட்டும் எழுதிக் கொடு, பணம் தந்துவிடுகிறோம்” என்றார்களாமே. என்ன செய்யட்டும் என்று கேட்டாய். போனில் எனக்குக் கோர்வையாகப் பேச வராது, அதனால் எழுதுகிறேன்.

டால்டன் ட்ரம்போவைப் பற்றிச் சினிமாக்காரியிடம் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். பரவாயில்லை, கேள். பேக்கரியில் ராத்திரி வேலை பார்த்துக்கொண்டே எழுதிப் பழகிய மனுஷன். 1940களில் ஹாலிவுட்டில் அதிகச் சம்பளம் வாங்கிய எழுத்தாளர்களில் ஒருவர். 1947 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று அவரைக் கூப்பிட்டு “நீ கம்யூனிஸ்ட்டா?” என்று கேட்டது. கட்சியில் இருந்தவர்தான். ஆனாலும் அவர் பிடிகொடுக்கவில்லை. அவரைப் போலவே மறுத்தவர்கள் மொத்தம் பத்துப் பேர். அடுத்த மாதமே ஸ்டுடியோ முதலாளிகள் நியூயார்க்கில் ஒரு ஓட்டலில் கூடி, இவர்களுக்கு இனி வேலை கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். பதில் சொல்ல மறுத்ததற்காக ட்ரம்போ 1950இல் கென்டக்கி சிறைக்குப் போய்ப் பத்து மாதம் இருந்தார். இதில் ஒரு கூத்து: விசாரித்த குழுவின் தலைவரே சம்பளக் கணக்கில் மோசடி செய்து மாட்டினார். அவர் இருந்த சிறைக்கே, அந்தப் பத்துப் பேரில் இரண்டு பேர் பிறகு போய்ச் சேர்ந்தார்கள்!

அதே 1950இல் இங்கே ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸிலிருந்து ‘மந்திரி குமாரி’ வந்தது. எல்லிஸ் டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கிய படம், வசனம் கலைஞர். உன் தாத்தா அங்கே செட் ஆசாரி. வசனம் எழுதியவர் பெயருக்குக் கைதட்டல் விழும் என்பார். அமெரிக்கர் ஒருவர் இங்கே வந்து படமெடுக்கிறார், அமெரிக்காவில் எழுத்தாளர் கம்பி எண்ணுகிறார். நம் பக்கம் மட்டும் யோக்கியம் என்று சொல்லவில்லை. 1954இல் நாடகச் சட்டம் கொண்டுவந்ததே எம்.ஆர். ராதாவை அடக்கத்தான் என்பார்கள்.

வேலை பறிபோன ட்ரம்போ அடுத்தவர் பெயரிலும் கள்ளப் பெயரிலும் எழுதினார். ‘ரோமன் ஹாலிடே’ கதை அவருடையது. நண்பர் ஐயன் ஹன்டர் தன் பெயரைக் கொடுத்தார், வந்த பணத்தை இவரிடம் சேர்த்தார், ஆஸ்காரும் ஹன்டர் பெயருக்கே போனது. ‘தி பிரேவ் ஒன்’ படத்துக்கு ‘ராபர்ட் ரிச்’ என்ற பெயரில் எழுதினார். 1957இல் அதற்கும் ஆஸ்கார். கூப்பிட்டால் ராபர்ட் ரிச் எங்கே வருவார்? அந்தப் பெயரில் ஒரு எழுத்தாளரே இல்லையே. வீட்டுப் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும், வெளியே வாய் திறக்கக் கூடாது. அந்தப் பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்குச் சங்கடம்.

1960இல் ‘எக்சோடஸ்’, ‘ஸ்பார்ட்டகஸ்’ இரண்டிலும் அவர் பெயர் வந்தது. ராபர்ட் ரிச்சின் ஆஸ்கார் 1975இல் கைக்குக் கிடைத்தது, அடுத்த வருஷம் இறந்துபோனார். ‘ரோமன் ஹாலிடே’ ஆஸ்காரை 1993இல் மனைவியிடம் கொடுத்தார்கள். அந்தப் படத்தின் கதாசிரியர் இவர்தான் என்று எழுத்தாளர் சங்கம் முறைப்படி ஒப்புக்கொண்டது 2011இல். ஹன்டரின் மகனும் இவர் மகனும் சேர்ந்து கேட்டுத்தான் அது நடந்தது.

குளியல் தொட்டியில் பலகை போட்டு உட்கார்ந்து எழுதுவாராம். அதைச் சிலையாகவே வைத்திருக்கிறார்கள். டைப்பிஸ்டான எனக்குப் பிடித்தது வேறு: அவர் எழுதிய கடிதங்களின் நகல்களைப் பத்திரமாக வைத்திருந்தார். அவருடைய காகிதக் கட்டுகள் இப்போது ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நம் இன்ஸ்டிட்யூட்டில் பெட்டிஷன் அடிக்க வருகிறவர்கள் “ஒரு காப்பி போதும்மா” என்பார்கள். நான் கேட்கவே மாட்டேன். கார்பன் வைத்து மூன்று அடித்து, கடைசி மங்கல் காப்பியில் தேதி போட்டு ஃபைலில் வைத்துவிடுவேன். வருஷம் கழித்து அதைத் தேடி எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், நீயே பார்த்திருக்கிறாய்.

எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம். கோபத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடாதே, வாடகை இருக்கிறது. எழுதினால் குறைந்த காசுக்கு எழுதாதே. பெயர் போன காலத்தில் ட்ரம்போவும் அடிமாட்டு விலைக்குத்தான் விற்றார். பெயரை மறைக்கிறவர்கள் அதற்கும் சேர்த்துக் கொடுக்கட்டும். கொடுக்கும் முன் கதையை இங்கே எழுத்தாளர் சங்கத்தில் பதிந்துவிடு. பேசியதையெல்லாம் மெயிலில் கேட்டு வாங்கு, வாய்ப்பேச்சு வேண்டாம். ஒவ்வொரு டிராஃப்டும் எனக்கு ஒரு பிரிண்ட் வரட்டும், பீரோவில் இடம் இருக்கிறது.

ஒப்பந்தம் கொடுத்தார்களா? கொடுத்தால் கையெழுத்துப் போடாமல் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு, வக்கீல் மாமா ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அப்பாவிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அம்மா