பத்து பேரையும் காப்பாற்று

அன்பு நண்பா,

ஹாலோவீன் இரவில் இரண்டு பேர் சேர்ந்து விளையாட, பயமும் சிரிப்பும் கலந்த பழைய வீடியோ கேம் ஒன்று கேட்டிருந்தாய். யோசிக்கவே வேண்டாம், ‘ஜாம்பீஸ் ஏட் மை நெய்பர்ஸ்’. லூகாஸ்ஆர்ட்ஸ் உருவாக்கி, 1993-இல் கொனாமி வெளியிட்டது. ஸீக், ஜூலி என்று இரண்டு விடலைகள். கையில் தண்ணீர்த் துப்பாக்கி. அதை வைத்துக்கொண்டு ஜாம்பிகளிடமிருந்து அக்கம்பக்கத்தார் பத்து பேரைக் காப்பாற்ற வேண்டும். 48 லெவல், அதுபோக 7 போனஸ் லெவல்.

எல்லோரும் முதலில் செய்யும் தப்பு, கண்ணில் பட்ட ஜாம்பியையெல்லாம் சுடுவது. அவை மண்ணைப் பிளந்துகொண்டு வந்துகொண்டேதான் இருக்கும், தீரவே தீராது. தண்ணீர்தான் தீரும். வழியை மறிப்பதை மட்டும் சுடு, மற்றதற்குப் போக்குக் காட்டிவிட்டு ஓடு. ஆட்கள் எங்கே என்று காட்டும் ரேடாரைப் பார்த்து அந்தப் பக்கம் போ.

விளையாட்டின் உயிர் அந்தப் பத்து பேர்தான். ஒருவர் பேயிடம் சிக்கினால் தேவதையாகி மேலே மிதந்து போய்விடுவார். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அடுத்த லெவலில் ஒன்பது பேர்தான். போனவர் தானாகத் திரும்ப மாட்டார், 40,000 புள்ளி சேர்த்தால்தான் ஒருவர் கூடுவார். கடைசி ஆளும் போய்விட்டால் ஆட்டம் முடிந்தது. இந்தக் கணக்குதான் எனக்கு இந்தக் கேமில் மிகவும் பிடித்தது. உன் உயிரைவிட அவர்கள் உயிருக்குத்தான் அதிகம் பதறுவாய்.

சில லெவல்களில் விளையாடும்போதே இருட்டிவிடும். மீட்க வேண்டியவர்களில் இருக்கும் சுற்றுலாப் பயணிகளை இருட்டுவதற்குள் மீட்காவிட்டால் அவர்களே ஓநாய் மனிதர்களாகிவிடுவார்கள், அதனால் முதலில் அவர்களிடம் ஓடு. ஓநாய் மனிதனுக்கு மருந்து வெள்ளிக் கரண்டி, முள்கரண்டிதான். ஒரே அடி! கிடைக்கும்போதெல்லாம் எடுத்து வை, ஜாம்பி மேல் வீணாக்காதே. பஸூக்கா என்ற ராக்கெட் துப்பாக்கியும் பேய்களுக்கல்ல. விரிசல் விட்ட சுவர், சாவி இல்லாத கதவு, இவற்றுக்காகப் பத்திரப்படுத்து. செயின்சா என்ற மரம் அறுக்கும் இயந்திர ரம்பத்தோடு துரத்துகிறவன் வேலிச்செடியை அறுத்துக்கொண்டே வருவான். அவன் திறந்துவிடும் வழி உனக்கும் குறுக்குவழி.

கடைசி ஆளை மீட்டதும் வெளியேறும் கதவு தோன்றும். அதற்கு முன்பே அலமாரி, மூலை முடுக்கெல்லாம் துழாவிச் சாவி, மருந்துப் பெட்டி சேர்த்துவிடு.

நாலு லெவலுக்கு ஒருமுறை, பிறகு அங்கிருந்தே தொடர ஒரு பாஸ்வேர்டு தரும். அதை நம்பி ஏமாந்துவிடாதே. எந்த லெவல், எத்தனை பேர் மிச்சம் என்பதை மட்டும்தான் அது நினைவில் வைக்கும், சேர்த்த ஆயுதம் எதுவும் வராது. பின் லெவல்களில் வெறும் தண்ணீர்த் துப்பாக்கியோடு இறங்கினால் தாக்குப்பிடிப்பது மிகக் கஷ்டம். 2021-இல் வந்த மறுபதிப்பில் சேவ் வசதி இருக்கிறது, அதையே வாங்கு.

இருவர் ஆடும்போது திரை ஒன்றுதான், ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் இரண்டு பேருமே நகர முடியாது. யார் முன்னால் போவது என்று ஆரம்பிக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். எத்தனையாவது லெவல் வரை போனீர்கள், அப்போது எத்தனை பேர் மிச்சம் என்று எழுது.

அன்புடன்,
உன் நண்பன்