நியூ ஆர்லியன்ஸ் நண்பர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களே,

ஜாஸ் இசை பிறந்த உங்கள் ஊருக்கு அதைக் கேட்க வந்தேன் என்று சொன்னதும், நீங்கள் எந்த அரங்கத்துக்கும் வழி காட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் தெருவுக்கு வரச் சொன்னீர்கள்.

முதல் நன்றி, ட்ரெமே பகுதியில் ஊர்வலத்தோடு என்னையும் நடக்க விட்ட சங்கத்தாருக்கு. முன்னால் சங்கத்தாரும் பேண்டும், பின்னால் ஆடிக்கொண்டே ஊர் சனம்: அதுதான் செகண்ட் லைன், அதாவது இரண்டாம் வரிசை. கறுப்பின மக்களுக்குக் காப்பீடு கிடைக்காத காலத்தில் சந்தா வசூலித்து, வைத்தியச் செலவையும் அடக்கச் செலவையும் பார்த்துக்கொண்ட சங்கங்களின் வழிவந்தவர்கள் இவர்கள். இறுதி ஊர்வலத்துக்கு பேண்டு அமர்த்தியதும் அந்தச் சங்கங்கள்தான். போகும்போது சோக இசை, திரும்பும்போது ஆட்டம். நான் படித்த ஜாஸ் வரலாற்றில் மேதைகள் நிறைய வந்தார்கள். சந்தா கட்டியவர்கள் அவ்வளவாக வரவில்லை. 2005இல் ஊரை மூழ்கடித்த காட்ரினா புயலுக்குப் பிறகு ஊர்வலங்களுக்கான போலீஸ் கட்டணம் எக்கச்சக்கமாக ஏறியபோது, சங்கங்கள் வழக்குப் போட்டு 2007இல் அதைக் குறைக்க வைத்தன. ஊருக்குப் பெயர் வாங்கித் தரும் ஊர்வலத்தின் மேல் ஊர் நிர்வாகமே கை வைத்தது விசித்திரம்தான்.

பெரிய ட்ரம் அடித்த அண்ணனுக்குத் தனி நன்றி. ட்ரம்மின் தலையில் ஒரு சிம்பல், அதாவது உலோகத் தாளத்தட்டு. ட்ரம்மை அடிக்க ஒரு கையில் தடி, சிம்பலைத் தட்ட இன்னொரு கையில் ஸ்க்ரூடிரைவர்! நான் முழிப்பதைப் பார்த்துச் சிரித்தார், தாளம் மட்டும் தப்பவில்லை.

டூலேன் பல்கலைக்கழக ஜாஸ் காப்பகத்தாருக்கும் நன்றி. 1958 முதல் அங்கே சேர்த்து வைத்திருக்கும் மூத்த கலைஞர்களின் பேட்டிகளைப் பொறுமையாக எடுத்துக் கொடுத்தார்கள். டபிள்யூ.டபிள்யூ.ஓ.இசட். வானொலியின் தொண்டர்களுக்கும் அப்படியே. ஊர்வலம் எந்தத் தெருவில் புறப்படுகிறது என்பதை அவர்களிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். புயலில் ஊரே காலியானபோதும் இணையம் வழியே பாடிக்கொண்டிருந்த வானொலி அது.

அப்புறம், ரூட்ஸ் ஆஃப் மியூசிக் ஆசிரியர்கள். 2007இல் தொடங்கிய இந்த அமைப்பு, சிறுவர் சிறுமியருக்கு இலவசமாக இசை கற்றுக்கொடுக்கிறது. வாத்தியத்தோடு பள்ளிப்பாடம், சாப்பாடு, வீடு திரும்பப் பேருந்து எல்லாம் உண்டு. பழைய சங்கங்கள் செய்த வேலையும் கிட்டத்தட்ட இதுதானே என்று எனக்குப் பட்டது. ஒத்திகையை ஓரமாக நின்று பார்க்க விட்டதற்கு நன்றி.

சிலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் இங்கே போடவில்லை. ட்ரம்பெட் சத்தத்தில் பாதிப் பெயர்கள் காதில் விழவில்லை என்பதும் உண்மை. ஊர்வலத்தில் எடுத்த படங்களைச் சங்கத்துக்கு அனுப்பிவிட்டேன். வேண்டியவர்கள் அங்கே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பின்னால் ஆடி வந்த ஒருவன்