பஞ்சர் கடை அண்ணாச்சிக்கு

சனிக்கிழமை பள்ளி மைதானத்தில் எங்கள் பிள்ளைகளின் தண்ணீர் ராக்கெட் காற்று கசிந்து கிளம்பாமல் போனதை ஊரே பார்த்தது. அதை மறுபடி எழுதப் போவதில்லை. குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28-ல் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதிலிருந்தே "நாமளும் ஒண்ணு விடணும் டீச்சர்" என்று நச்சரித்த பிள்ளைகள், பெற்றோர் முன்னால் தலைகுனிந்து நின்றதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்போது காம்பவுண்டுக்கு வெளியே இருந்து உங்கள் குரல் வந்தது. "காத்து எங்க போவுதுன்னு பாக்காம பசைக்கு மேல பசை போட்டா நிக்காது டீச்சர். கடைக்குக் கொண்டாங்க."

ராக்கெட் பாட்டிலை வாங்கி, மூடியிருந்த கார்க்கோடு அப்படியே தொட்டித் தண்ணீரில் அமுக்கினீர்கள். பம்பு மாட்டுவதற்காகக் கார்க்கில் செருகியிருந்த வால்வைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. மூலையில் கிடந்த பழைய பைக் டியூபை எடுத்து, வால்வின் அடியில் ஒரு ரூபாய் அளவு ரப்பரை விட்டுச் சுற்றி வெட்டினீர்கள். காய்ச்சிய கம்பியால் கார்க்கின் ஓட்டையைச் சீராக்கி, உள்பக்கமிருந்து வால்வைச் செருகி, வெளியே நட்டை முறுக்கினீர்கள். காற்று ஏற ஏற அந்த ரப்பர் கார்க்கோடு இன்னும் அழுந்தி ஒட்டிக்கொள்ளும். பன்னிரண்டு வருடமாக அழுத்தம் பாடம் நடத்துகிறேன் அண்ணாச்சி, இது எனக்குத் தோன்றவே இல்லை. மறுபடி தொட்டியில் அமுக்கினீர்கள். ஒரு குமிழி இல்லை. காசு நீட்டியதற்குக் கையை மட்டும் ஆட்டினீர்கள்.

அதற்குள் லாரி ஒன்று வந்து நின்றதால் நீங்கள் மைதானத்துக்கு வரவில்லை. அதனால் சொல்கிறேன். இரண்டு லிட்டர் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. பிள்ளைகள் சத்தமாக எண்ண எண்ண பம்பு அடித்தோம். முப்பத்தொன்றில் கார்க் கழன்றது. தண்ணீர் முழுவதும் எங்கள் மேல்! கண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால் ராக்கெட் வேப்பமரத்துக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு சத்தம் கிளம்பியதே, அது உங்கள் கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

சாதா தண்ணீர் பாட்டில் அழுத்தம் தாங்காது என்றதும் குளிர்பான பாட்டில்களாகச் சேர்த்துத் தந்த டீக்கடைக்காரர், தாங்குபலகை அடித்துக் கொடுத்த ஆசாரி, இறக்கை வெட்ட ஃபைல் அட்டை தந்த அலுவலகத்து அக்கா, வெயிலில் கலையாமல் காத்திருந்த பெற்றோர், "இன்னொரு தடவை விடுங்க" என்று சொன்ன தலைமையாசிரியை, எல்லோருக்கும் எங்கள் நன்றி.

அண்ணாச்சி, அந்தக் கார்க்கைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். அடுத்த ராக்கெட்டை உங்கள் கடை லீவு நாளான ஞாயிற்றுக்கிழமைதான் விடுவது என்று பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள். பம்பு நீங்கள்தான் அடிக்க வேண்டுமாம்.