15 கார்கள் ஒரே வரிசையில் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

விடுமுறை நாட்களில் கார் குழுக்கள் கூட்டமாகக் கிளம்பிச் சாலையை அடைத்துக்கொள்கின்றன என்று வாசகர் ஒருவர் உங்கள் பக்கத்தில் குறைப்பட்டிருந்தார். சிறிய கார் வைத்திருப்போர் குழு ஒன்றில் பயண ஏற்பாடுகளைக் கவனிப்பவர்கள் நாங்கள். அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் அதற்குத் தடை தேவையில்லை, கான்வாய், அதாவது கூட்டாக வரிசையில், ஓட்டும் முறையை மாற்றினால் போதும்.

மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. முன்னால் போகிறவருக்கும் தனக்கும் 2 நொடி இடைவெளி விட்டால் அது 33 மீட்டர். 15 கார்கள் இப்படிப் போனால் வரிசை அரை கிலோமீட்டரைத் தாண்டிவிடும். இருவழிச் சாலையில் அதை யாரால் ஓவர்டேக் செய்ய முடியும்? ஐந்து கார் என்றால் 150 மீட்டரோடு முடிந்துவிடும். அதனால் ஐந்தைந்தாகப் பிரித்து, 5 நிமிட இடைவெளியில் அனுப்ப வேண்டும். வெளியார் யாராவது நடுவே நுழைந்தால் விட்டுவிடுங்கள். அவரைத் துரத்தி வரிசையை ஒட்டவைக்க நினைப்பதில்தான் வம்பே தொடங்குகிறது.

பிரிந்துபோனால் வழி தவறாதா என்று கேட்பார்கள். எளிய விதி ஒன்று இருக்கிறது: தனக்குப் பின்னால் வரும் காருக்கு ஒவ்வொருவரும் பொறுப்பு. நேர்ச்சாலையில் யாரும் நிற்க வேண்டாம். திருப்பம் வந்ததும் கண்ணாடியில் பாருங்கள். பின்னால் வருபவர் தெரியவில்லை என்றால், திரும்பியபின் பாதுகாப்பான ஓரத்தில், அவர் கண்ணில் படும்படி நின்று காத்திருங்கள். உங்களுக்கு முன்னால் போனவரும் இதையே செய்வார் என்பதால், கடைசிக் கார் சிக்னலில் மாட்டினால்கூடத் தகவல் தானாகவே முன்வரிசைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். சிவப்பு விளக்கைத் தாண்டி ஓட யாருக்கும் அவசியம் இருக்காது.

முதல் காருக்கு அடுத்த இடம் யாருக்கு? குழுவிலேயே இழுவை குறைந்த எஞ்சினுக்கு. பல குழுக்கள் அதைக் கடைசியில் தள்ளுகின்றன. ஏற்றத்தில் அது பின்தங்கியது முன்னால் போகிறவருக்குத் தெரியாது. பிறகு இறக்கத்தில் அது விரட்டிக்கொண்டு வரும். அனுபவசாலி கடைசியில் இருக்கட்டும். பழுது பார்க்கும் கருவிகளும் அவர் காரிலேயே இருக்கட்டும்.

வேகக் கட்டுப்பாட்டுப் பகுதியை விட்டு வெளியே வரும் இடம் கவனிக்க வேண்டிய ஒன்று. 40-ல் போகும்போது 2 நொடி என்பது 22 மீட்டர், 60-ல் 33 மீட்டர். முதல் கார் வேகம் எடுத்ததும் நொடிக்கணக்கில் இடைவெளி மாறாது, கண்ணுக்கு மட்டும் நீளும். கடைசி ஆள், ‘விட்டுவிட்டுப் போகிறார்களே’ என்று பதறி, கட்டுப்பாட்டு எல்லைக்குள்ளேயே ஆக்சிலரேட்டரை மிதிப்பார். எனவே முதல் கார் எல்லைப் பலகையைத் தாண்டிப் பத்து நொடியாவது அதே வேகத்தில் போய், பிறகு மெதுவாக ஏற்ற வேண்டும்.

நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மினுக்கும் ஹசார்டு லைட் போட்டபடி ஊர்வலம் போவதை அடியோடு நிறுத்த வேண்டும். பெரும்பாலான கார்களில் அது எரியும்போது இண்டிகேட்டர் போட்டாலும் பயனில்லை. எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்கு எப்படித் தெரியும்?

சுமை விஷயத்தில் சிறிய கார் மன்னிக்காது. 750 கிலோ எடையுள்ள காரில் நான்கு பெரியவர்களும் பைகளும் ஏறினால் 300 கிலோவுக்கு மேல் கூடுகிறது, அதாவது எடையில் 40 சதவீதம். 1,800 கிலோ காருக்கு அதே சுமை 20 சதவீதத்தைக்கூடத் தொடாது. ஓட்டுநர் பக்கக் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் முழுச் சுமைக்கான காற்றழுத்தம் தனியாகப் போட்டிருந்தால் அதைப் பாருங்கள். டயர் சூடாவதற்கு முன்பே காற்றுப் பிடிக்க வேண்டும். ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள். ஒல்லியான தற்காலிகச் சக்கரம் என்றால் அதற்குக் காற்றழுத்தம் பெரும்பாலும் 60 பி.எஸ்.ஐ. வேண்டும், 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது.

மலை இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி கட்டும், பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். டாட் 4 வகை ஆயிலுக்குத் தர அளவுப்படி குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியபின் 155 டிகிரி. ஈரத்தை அது தானாகவே உறிஞ்சிக்கொள்ளும், ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குவது நல்லது. பெடல் இறங்கிவிட்டால் விட்டுவிட்டு அமுக்கி, கியரைக் குறைத்து ஓரம் கட்டி, ஆறும்வரை காத்திருங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றவே கூடாது, டிஸ்க் கோணிவிடும்.

கடைசியாக, நேரம்-வேகம்-தூரம் பார்க்கும் ராலிகள். இது ரேஸ் அல்ல. கொடுத்த சராசரி வேகத்தில், மறைவாக இருக்கும் சோதனைச் சாவடிக்குச் சரியான நொடியில் போய்ச் சேர வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் புள்ளி போகும். சராசரி மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 100 நொடி, மனக்கணக்குக்கு வசதி. முதலில் ஓடோமீட்டரைச் சரிபார்க்க வேண்டும். ஏற்பாட்டாளர் அளந்து கொடுத்த 10 கிலோமீட்டருக்கு உங்கள் மீட்டர் 10.3 காட்டினால், வழிப்புத்தகத்தின் ஒவ்வொரு தூரத்தையும் 1.03-ஆல் பெருக்குங்கள். கணக்குப் பார்ப்பது பக்கத்தில் இருப்பவர் வேலை, ஓட்டுபவர் தொடக் கூடாது.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. அதே 36 சராசரியில் போகும்போது ரயில்வே கேட்டில் 3 நிமிடம் நின்றுவிட்டால், 45-ல் போய் அதை ஈடுகட்ட 9 கிலோமீட்டர் வேண்டும். 60-ல் போனால் நாலரை கிலோமீட்டர் போதும். புள்ளிப் பட்டியலைப் பார்க்கும் இளரத்தம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இப்படி நின்ற நேரத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் கழித்துக்கொள்ளும் விதி எல்லா ராலியிலும் இருக்க வேண்டும். போட்டிகளுக்கு விலக்கு வைத்திருக்கும் இன்சூரன்ஸ் பாலிசிகள் பல உண்டு என்பதால், பெயர் கொடுக்கும் முன் நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போனில் ‘ஒன்றும் பிரச்சினையில்லை’ என்று சொன்னது இழப்பீடு கேட்கும்போது உதவாது.

இப்படிக்கு,
சிறிய கார் உரிமையாளர் குழு ஒன்றின் பயண ஏற்பாட்டாளர்கள்