அக்கிரமக்காரரும் கிறிஸ்துமஸ் சாப்பாடும்

அன்பு மகனுக்கு,

கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் அம்மாவும் சுகம். இங்கே கோலாலம்பூர் செந்தூலில் மத்தியானம் ஆனால் போதும், மழை கொட்டுகிறது. துணி காய மாட்டேன் என்கிறது. மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

குடும்ப குரூப்பில் நீ போட்ட வாய்ஸ் மெசேஜை நான் கேட்டேன். அண்ணனும் கேட்டான். அம்மாவுக்குப் போட்டுக்காட்டவில்லை. போனில் இதைப் பேச எடுத்தால் நீ ஒரு வசனம் சொல்வாய், நான் ஒரு வசனம் சொல்வேன், கடைசியில் யாராவது ஒருவர் போனை வைத்துவிடுவோம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ சொன்னது இதுதானே. புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கத்தில் ‘அனோமியா’ என்று ஒரு வார்த்தை, நம்ம வேதத்தில் அக்கிரமம் என்று வருவது, சட்டத்தை மீறுவது என்று அர்த்தம். அண்ணன் கல்யாணம் முறிந்த பிறகு இன்னொருத்தியோடு பதிவு செய்யாமல் குடும்பம் நடத்துகிறான், குடிக்கிறான், கோயில் பக்கம் வருவதில்லை. ஆகவே அவன் அக்கிரமக்காரன். “அக்கிரமச் செய்கைக்காரரே, என்னைவிட்டு அகன்றுபோங்கள்” என்று ஆண்டவரே சொன்ன பிறகு, அவன் உட்காரும் மேசையில் கிறிஸ்துமஸ் சாப்பாடு உனக்கு இறங்காது. பெர்த்தில் உன் சபையில் கிரேக்கம் சொல்லித் தருகிறார்கள் என்றால் எனக்குச் சந்தோஷம்தான். நம்ம சபைப் போதகர் ஐயரும் கிரேக்கம் படித்தவர். வியாழக்கிழமை வேதபாடத்துக்கு நான் கொஞ்சம் முன்னாலேயே போய், நீ சொன்ன இடங்களை அவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உன் பெயரை எடுக்கவில்லை.

வார்த்தைக்கு நீ சொன்ன அர்த்தம் தப்பில்லை. நோமோஸ் என்றால் சட்டம், முறைமை. முன்னால் ‘அ’ சேர்ந்தால் அது இல்லாத நிலை. நம்ம அக்கிரமமும் அதே கட்டுமானம்தான், கிரமம் இல்லாதது. பழைய மொழிபெயர்ப்புக்காரர்கள் விவரமாகத்தான் எடுத்திருக்கிறார்கள். கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் நெறிகேடு என்று இருக்கும், அதுவும் நல்ல வார்த்தை. ஆனால் சட்டம் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? போலீஸ் சம்மன், சாலை அபராதச் சீட்டு. முன்பெல்லாம் சம்மன் வந்தால் உடனே கட்டினோமா? பாதி விலைக்குக் கழிவு அறிவிக்கும்வரை டிராயரில் போட்டு வைத்திருந்து, அப்புறம் வரிசையில் போய் நின்றோம். அந்த மாதிரி ஒரு கணக்குப் புத்தகத்தை மனதில் வைத்துக்கொண்டு நீ வேதத்தில் இந்த வார்த்தையைப் படிக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. அண்ணனுக்கு இத்தனை சம்மன், உனக்கு ஒன்றும் இல்லை.

நீ எடுத்த வசனத்துக்கே வருவோம், மத்தேயு 7:23. அதற்கு முந்தின வசனத்தை ஏன் விட்டுவிட்டாய்? அகன்றுபோங்கள் என்று யாரைச் சொல்கிறார்? குடிகாரனையா, கோயிலுக்கு வராதவனையா? “உமது நாமத்தினாலே தீர்க்கதரிசனம் உரைத்தோம் அல்லவா, பிசாசுகளைத் துரத்தினோம் அல்லவா, அநேக அற்புதங்களைச் செய்தோம் அல்லவா” என்று வாசலில் வந்து நிற்கிறவர்களை. கர்த்தாவே கர்த்தாவே என்கிறவர்களை. இன்றைக்கென்றால் மேடையில் மைக் பிடிக்கிறவர்கள், வார்த்தை பகிர்கிறவர்கள், என்னைப் போல ஞாயிறு பாடம் வாசிக்கிறவர்கள். அவர்கள் செய்ததாகச் சொன்ன எதையும் அவர் பொய் என்று சொல்லவில்லை. உங்களை எனக்குத் தெரியாது என்கிறார், அவ்வளவுதான்.

நான்கு சுவிசேஷங்களில் இந்த அனோமியா மத்தேயுவில் மட்டும்தான் வருகிறது, நாலு இடத்தில். அதில் 23:28 என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. அங்கே யார் உள்ளம் அக்கிரமத்தால் நிறைந்திருக்கிறது? வேதபாரகர், பரிசேயர். தம்பி, நியாயப்பிரமாணத்தை, மோசேயின் சட்டத்தை, அவர்களைவிட நுணுக்கமாகக் கைக்கொண்டவர்கள் அந்த ஊரில் கிடையாது. அஞ்சறைப் பெட்டியில் கிடக்கும் வெந்தயத்துக்கும் சீரகத்துக்கும்கூட பத்தில் ஒன்று எண்ணிக் கொடுத்தவர்கள். சம்மனே வாங்காதவர்கள். அவர்களைப் பார்த்துத்தான் நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்கள் என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் தள்ளி, உள்ளே இருப்பது மாயமும் அக்கிரமமும் என்கிறார். சட்டத்தை மீறுவது மட்டும்தான் அனோமியா என்றால் இந்த வசனம் எங்கே போய் நிற்கும்? ஒரு சட்டமும் மீறாமலே ஒரு மனுஷன் சட்டம் கெட்டவனாக இருக்கலாம் என்றுதானே ஆகிறது.

24:12-ஐயும் பார். அக்கிரமம் மிகுதியானால் என்ன ஆகும் என்கிறார்? திருட்டு கூடும், கொலை கூடும் என்று நாம் சொல்லியிருப்போம். அவர் சொல்வது, அநேகருடைய அன்பு தணிந்துபோம்.

யோவானின் முதலாம் நிருபம் 3:4-ஐ நீயும் சொன்னாய், “நியாயப்பிரமாணத்தை மீறுகிறதே பாவம்” என்று. ஐயர் எனக்கு ஒன்றைக் காட்டினார். அந்த நிருபம் முழுக்கத் தேடினாலும் நோமோஸ் என்ற வார்த்தை தனியாக ஓரிடத்திலும் இல்லை. மோசேயின் சட்டத்தைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. அனோமியா மட்டும் அந்த ஒரு வசனத்தில் இரண்டு தரம் வருகிறது. அப்படியானால் எதை மீறுவது? அதே அதிகாரத்தில் கொஞ்சம் கீழே இறங்கு. தன் சகோதரனைப் பகைக்கிறவன் மனுஷகொலைபாதகன் என்று 15-ல் இருக்கிறது. சகோதரனுக்குக் குறைச்சல் உண்டென்று கண்டும் இருதயத்தை அடைத்துக்கொள்கிறவனிடத்தில் தேவஅன்பு நிலைகொள்ளுகிறது எப்படி என்று 17-ல் கேட்கிறார். 23-ல் கற்பனை, அதாவது கட்டளை, என்னவென்று பச்சையாகச் சொல்லிவிடுகிறார்: குமாரனை விசுவாசித்து, ஒருவரிலொருவர் அன்பாயிருப்பது. அந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு கூடப்பிறந்தவனை மேசையிலிருந்து எழுப்ப உன்னால் எப்படி முடிகிறது என்று எனக்குப் புரியவில்லை.

நீ கெட்டிக்காரன், அடுத்து பவுலை எடுப்பாய் என்று தெரியும். 1 கொரிந்தியர் 5:11, அப்படிப்பட்டவனுடனே புசிக்கவும் கூடாது. சரி. அங்கே அனோமியா கிடையாது, இருந்தாலும் பார்க்கலாம். பவுல் ஒரு சபைக்கு எழுதுகிறார், சபைக்குள்ளே சகோதரன் என்று பெயர் சொல்லிக்கொண்டு இருப்பவனைப் பற்றி. அடுத்த வசனத்திலேயே, புறம்பே இருக்கிறவர்களைத் தீர்ப்பது என் காரியமா என்கிறார். அண்ணன் உள்ளே இருப்பதாக எங்கேயும் சொல்லிக்கொள்வதில்லை. உன் கணக்குப்படி அவன் புறம்பே. பவுல் கணக்குப்படி அப்போது அவன் உன் தீர்ப்புக்கு வருகிறவன் இல்லை. அதோடு, அந்தப் பட்டியலில் பொருளாசைக்காரனும் இருக்கிறான், உதாசினனும், அதாவது பிறரைத் திட்டுகிறவனும், இருக்கிறான். பொருளாசைக்காரரோடு சாப்பிடக்கூடாது என்று ஆரம்பித்தால் நம்ம சபைக் கமிட்டிக் கூட்டத்துக்கு வேண்டிய ஆள் சேராது.

தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதிய நிருபத்தில் வருகிற பாவமனுஷன், அக்கிரமத்தின் இரகசியம் என்பதைப் பற்றி நீ அனுப்பிய வீடியோவையும் பார்த்தேன். எந்த நாட்டுத் தலைவர் அவன் என்று வருஷத்துக்கு ஒருவர் கண்டுபிடிக்கிறார்கள். அவன் தேவனுடைய ஆலயத்தில் தேவன்போல உட்காருவான் என்று பவுல் எழுதியிருக்கிறார். அந்த ஒன்றை மட்டும் நான் மனதில் வைத்துக்கொள்கிறேன், மற்றது எனக்கு வேண்டாம்.

இன்னும் ஒன்று. அகன்றுபோங்கள் என்ற அந்த வாக்கு ஆண்டவர் புதிதாகச் சொன்னதில்லை, 6-ம் சங்கீதத்தில் உள்ளது. கிறிஸ்துவுக்கு முன்னாலே எபிரெயத்திலிருந்து கிரேக்கத்துக்குப் பெயர்த்த அந்தச் சங்கீதத்திலும் இதே அனோமியாதான். எடுத்து வாசி. அதைச் சொல்கிறவன் யார்? உடம்பு முடியாமல் படுத்து, இராமுழுவதும் படுக்கையைக் கண்ணீரால் நனைக்கிறவன். அழுதுகொண்டிருக்கிறவன், தன்னைச் சுற்றி நின்று நெருக்குகிறவர்களைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. நெருக்குகிறவன் அழுகிறவனைப் பார்த்துச் சொன்னதில்லை.

நம்மைப் பற்றியும் கேட்டுக்கொள். அப்போஸ்தலர் 2:23-ல் பேதுரு ‘அக்கிரமக்காரருடைய கைகள்’ என்கிறார். அங்கே இருப்பது இதன் உறவு வார்த்தைதான், அனோமோஸ். நியாயப்பிரமாணம் இல்லாத புறஜாதியார் கை என்று அர்த்தம், ரோமர்கள். அந்தக் கணக்கில் நீயும் நானும் நம்ம தாத்தா பாட்டியும் எல்லாருமே அனோமோஸ்தான். லூக்கா 22:37-ல் அக்கிரமக்காரரில் ஒருவனாக எண்ணப்பட்டவர் யார் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிறு பள்ளியில் அந்த வசனத்தை மனப்பாடமாக ஒப்பித்துப் பரிசு வாங்கினவன் நீ.

அண்ணன் செய்வதெல்லாம் சரி என்று அப்பா சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. சரியில்லை. அந்தப் பெண்ணுக்கும் அது நியாயமில்லை, பதிவு செய்து முறையாக வை என்று அவனிடமே சொல்லியிருக்கிறேன். குடியைப் பற்றியும் சொல்லியாகிவிட்டது, அவன் கோபித்துக்கொண்டும் ஆகிவிட்டது. மூத்தவன் செய்கிற தப்பு எனக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும், பக்கத்தில் இருந்து பார்க்கிறேன்.

பக்கத்தில் இருப்பதால் இதையும் பார்க்கிறேன். திங்கள், புதன், வெள்ளி அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவது அவன்தான். விடியுமுன் வேன் வந்து நிற்கும். முதல் ஷிப்டில் இடம் கிடைத்தால்தான் அவன் வேலைக்குப் போக முடியும். ஊசி எடுத்த பிறகு அந்த இடத்தைப் பஞ்சு வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும், அம்மா விரலில் பலம் கிடையாது. நர்ஸ் அடுத்த ஆளிடம் போய்விடுவாள். இவன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இன்னொரு கையில் போனில் கால்பந்து பார்த்துக்கொண்டிருப்பான். இரத்தம் நின்றதா என்று பஞ்சைத் தூக்கிப் பார்ப்பான், மறுபடி அழுத்துவான். முந்தின ராத்திரி குடித்த வாடை சில நாள் இருக்கும். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள், கையை இழுக்க மாட்டாள். நீ மாதாமாதம் அனுப்புகிற பணம் இல்லையென்றால் அந்த மருந்துச் செலவு ஓடாது, அதையும் நான் மறக்கவில்லை.

நீ வருவாயா மாட்டாயா என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். லீவு கிடைக்கிறதா என்று தெரியவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். பண்டிகைக்கு யார் வருகிறார்கள் என்பதை இந்த வீட்டில் நானும் அம்மாவும்தான் முடிவு செய்வோம். ரெண்டு பேரையும் கூப்பிட்டாயிற்று. அண்ணன் அவளையும் கூட்டிக்கொண்டு வருவான், நான்தான் வரச் சொன்னேன்.

டிக்கெட் போட்டதும் எனக்குச் சொல். டிசம்பர் நெருங்கினால் விலை ஏறிவிடும். ஏர்போர்ட்டுக்கு அண்ணன் வேனில் வருவான். அவன் வண்டியில் ஏற மனமில்லை என்றால் ரயிலேறி கே.எல். சென்ட்ரலுக்கு வா, நான் வந்து நிற்கிறேன். ஆனால் ஏற மாட்டேன் என்பதை என்னிடம் சொல்லாதே, அவனுக்கு நீயே போன் போட்டுச் சொல்.

அம்மாவுக்கு அந்தக் கை கால் அரிப்புக்குத் தடவுகிற கிரீம் தீரப்போகிறது. போன தடவை கொண்டு வந்த அதே பெரிய டப்பா.

அன்புடன்,
அப்பா