‘தொலையி’யைத் தந்தவளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

உன் கட்டுரையில் ‘வாசல்மறதி’ என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் ‘இப்படி ஒரு சொல் இல்லை’ என்று உன் ஆசிரியர் எழுதியிருந்ததையும், அன்றிரவே நீ உன் சொல் குறிப்பேட்டை அலமாரியின் அடித்தட்டில் போட்டுவிட்டதையும் உன் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். மதிப்பெண் குறைந்ததில் எனக்குப் பெரிய வருத்தம் ஏதுமில்லை. அந்தக் குறிப்பேடு அடித்தட்டுக்குப் போனதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. உன்னைப் போலவே வீட்டுக்குள் சொல் செய்துகொண்டிருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்பதற்காக, உனக்கு எழுதும் இந்தக் கடிதத்தைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றியே பேசிவிடுகிறேன். ஏதோ ஒன்றை எடுப்பதற்காக எழுந்துபோய், அடுத்த அறைக்குள் கால் வைத்ததும், எதற்கு வந்தோம் என்பது மறந்துபோய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோமே, அதற்கு நீ வைத்த பெயர் அது. கேப்ரியல் ராட்வான்ஸ்கி என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2011-ஆம் ஆண்டில் இதே நிலையைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே அறைக்குள் அதே தொலைவு நடந்தவர்களைவிட, வாசலைத் தாண்டி இன்னோர் அறைக்குள் நடந்தவர்கள் கையில் இருந்த பொருளைப் பற்றி அதிகமாக மறந்தார்கள் என்பது அவர்கள் கண்டது. அந்த ஆய்வு உனக்குத் தெரியாது. மறதிக்கும் வாசலுக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்பதை நீ உன் கால்களாலேயே உணர்ந்து, இரண்டையும் ஒட்டிவைத்தாய். அவ்வளவு கூர்மையாகக் கவனித்த ஒருத்தி தன் சொல்லுக்காக வெட்கப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

உன் ஆசிரியர்மீது எனக்குக் கோபம் இல்லை. கட்டுரையைத் திருத்துகிறவர், விளக்கம் இல்லாமல் வரும் புதுச்சொல்லைக் கண்டால் நின்று கேட்கத்தான் செய்வார். நீயும் அரைவரியில் அதன் பொருளைச் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். ‘பொதுவழக்கில் இல்லை’ என்று அவர் எழுதியிருந்தால் நான் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன். ஆனால் ‘இல்லை’ என்கிறாரே, ஒரு வீட்டில் நான்கு பேர் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவரும் சொல், விளக்கம் கேட்காமலேயே ஒருவருக்கொருவர் புரிந்துகொள்ளும் சொல், எப்படி இல்லாமல் போகும்? ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’ என்று தொல்காப்பியத்தின் எச்சவியல் சொல்கிறது; காலத்தால் வழக்குக்கு வந்துவிட்ட சொல்லை வேண்டாமென்று ஒதுக்குவதற்கில்லை என்பது அதன் பொருள். நம் மொழியின் மிகப் பழைய இலக்கண நூலே இந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கும்போது, நாம் ஏன் அதை உள்ளிருந்து தாழிட வேண்டும்?

உனக்கு நினைவிருக்குமோ என்னவோ, நம் வீட்டின் முதல் சொல்லைத் தந்தவள் நீதான். அப்போது உனக்கு ஐந்து வயது. தொலைக்காட்சியின் ரிமோட்டைத் தேடி எல்லோரும் மெத்தைகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, நீ நடுவில் நின்று ‘தொலையி எங்கே, தொலையி எங்கே’ என்று கேட்டாய். எப்போதும் தொலைந்துபோவதால் தொலையி. நாங்கள் சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது: தொலைவிலிருந்து இயக்குவதாலும் அது தொலையிதான். தொலைபேசி, தொலைநோக்கி என்று பெரியவர்கள் வைத்த பெயர்களில் உள்ள அதே ‘தொலை’ தொலைவையும் குறிக்கிறது, தொலைதலையும் குறிக்கிறது. நீ அந்த இரண்டையும் ஒரே கல்லில் பிடித்துவிட்டாய். கூடவே, ஒரு வினையின் முடிவில் ‘இ’ சேர்த்தால் அதைச் செய்யும் கருவியின் பெயர் கிடைக்கும் என்பதையும் (பேசி, காட்டி, பெருக்கி என்று வருகிறதே, அதைச் சொல்கிறேன்) யாரும் கற்றுத்தராமலேயே அறிந்திருந்தாய். 1958-ஆம் ஆண்டில் ஜீன் பெர்கோ என்ற மொழியியலாளர், ‘வக்’ என்று தாமே செய்த ஒரு சொல்லைச் சிறு குழந்தைகளிடம் கொடுத்து, இரண்டு இருந்தால் என்ன சொல்வாய் என்று கேட்டபோது, அதுவரை காதால் கேட்டிராத அந்தச் சொல்லுக்கும் குழந்தைகள் ஆங்கிலத்தின் பன்மை விகுதியைச் சரியாகச் சேர்த்தார்கள். சொல்லை மனப்பாடம் செய்துதான் மொழி வருகிறது என்றால் அது நடந்திருக்காது. உன் தொலையியும் பிறந்திருக்காது.

உன் குறிப்பேட்டில் எனக்கு மிகவும் பிடித்தவை நம் மொழியின் வளைவுகளைப் பயன்படுத்திக்கொண்ட சொற்கள்தாம். விடைபெற்று எழுந்த பிறகு, கதவருகே நின்றபடி அரைமணி நேரம் நீளும் உரையாடலுக்கு ‘நின்றபேச்சு’ என்று எழுதியிருந்தாய். முடிந்துபோன பேச்சு என்றும் படிக்கலாம், நின்றுகொண்டு பேசுவது என்றும் படிக்கலாம். அந்த உரையாடல் உண்மையில் இரண்டுமாகத்தான் இருக்கிறது. எதிரெதிரே வரும் இருவர், ஒருவருக்கொருவர் வழிவிடுவதாக எண்ணி ஒரே பக்கம் நகர்ந்து, மறுபடியும் ஒரே பக்கம் நகர்ந்து தவிப்பதற்கு ‘ஒதுங்காட்டம்’ என்றாய். ஒதுங்குகிற ஆட்டம், ஒதுங்காத ஆட்டம் என இரண்டும் காதில் விழுகின்றன. புணர்ச்சி விதிப்படி பார்த்தால் இரண்டாவது ‘ஒதுங்காவாட்டம்’ என்றுதான் வரவேண்டும் என்று யாராவது சொல்லக்கூடும். சொல்லட்டும், காது அந்த வகரத்துக்காகக் காத்திருப்பதில்லை. ஜோடியை இழந்த ஒற்றைக் காலுறைக்கு ‘இணையிலி’ என்று நீ பெயரிட்ட அன்று, ஈடில்லாதவர் என்று போற்றுவதற்குரிய பெருஞ்சொல் ஒரு பழைய காலுறைக்குக் கிடைத்ததை நினைத்து நான் நாள் முழுவதும் மகிழ்ந்திருந்தேன்.

நான் செய்த சொற்கள் பல செத்துப்போயின என்பதும் உனக்குத் தெரியும். அலைபேசியின் மின்னூட்டம் தீர்ந்து அணைந்துபோவதற்கு ‘மின்னிறப்பு’ என்று வைத்தேன். இலக்கணப் பிழை ஏதும் இல்லை, ஆனால் யாருடைய வாயிலும் அது ஏறவில்லை. அறிவிப்புப் பலகைக்கென்று செய்ததுபோல் விறைப்பாக இருந்தது. நீயோ ‘அலைபேசி மயங்கிவிட்டது’ என்றாய், மறுநாளிலிருந்து எல்லோரும் அப்படியே சொல்லத் தொடங்கினார்கள். பழைய சொல்லை அதன் வீட்டிலிருந்து எடுத்து வேறொரு வீட்டில் குடிவைப்பதும் சொல்லாக்கம்தான் என்பதை நான் அன்று உன்னிடம் கற்றேன். அதன் பிறகு ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டேன்: நான் செய்த சொல்லை மூன்றாம் முறை சொல்லும்போதும் விளக்க வேண்டியிருந்தால், அதை விட்டுவிடுவேன்.

சொல் செய்வது தனக்கு வராது என்கிறவர்களிடம், நீங்கள் ஒவ்வொரு நாளும் செய்கிறீர்கள் என்று சொல்லத் தோன்றும். புத்தகம் கித்தகம், பாட்டு கீட்டு, வேலை கீலை என்று நாம் பேசும்போது, எந்த அகராதியிலும் இல்லாத ‘கித்தகம்’ ஒன்றைப் பேச்சோடு பேச்சாக உருவாக்கிவிட்டுக் கடந்துபோகிறோம். முதலெழுத்துக் குறிலானால் ‘கி’, நெடிலானால் ‘கீ’ என்ற விதியை ஒருவரும் தவறவிடுவதில்லை. ‘கிண்ணம்’ என்று தொடங்கிப் பார். நாக்கு ஒரு நொடி தடுமாறும், எதிரொலிக்கவேண்டிய ‘கி’ ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருப்பதால்.

வீட்டுச் சொல் வாசலைத் தாண்டாது என்பதும் முழுக்க உண்மையில்லை. 1920-ஆம் ஆண்டில் எட்வர்ட் காஸ்னர் என்ற கணிதவியலாளர், 1-க்குப் பின்னால் 100 சுழியங்கள் கொண்ட எண்ணுக்கு ஒரு பெயர் சொல்லும்படி தம் குடும்பத்துச் சிறுவன் ஒருவனைக் கேட்டார். ஒன்பது வயது மில்டன் சிரோட்டா ‘கூகால்’ என்றான். கணிதம் அதை வைத்துக்கொண்டது. இன்று உலகமே தட்டும் தேடுபொறியின் பெயர் அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஹொரஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர் 1754 ஜனவரி 28 அன்று தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், தேடாமலேயே நல்லதைக் கண்டடையும் பேற்றுக்கு ‘செரெண்டிபிட்டி’ என்றொரு சொல்லைச் செய்துகொண்டார். இலங்கையின் பழைய பெயரான செரெண்டிப்பிலிருந்து அதை எடுத்தார். ஒரே ஒருவர் படிப்பதற்காக எழுதப்பட்ட சொல் அது. இவற்றை உனக்கு நினைவூட்டுவது, உன் சொல்லும் உலகைச் சுற்றிவர வேண்டும் என்பதற்காக இல்லை. வால்போல் தம் நண்பருக்கு எழுதியபோது அடைந்திருக்கக்கூடிய மகிழ்ச்சி, நீ ‘இணையிலி’ என்று கூவியபோது நம் வீட்டில் எழுந்த சிரிப்பு, இரண்டுக்கும் இடையில் எனக்கு வேறுபாடு தெரியவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

உன் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில், பொருளை மட்டும் எழுதிவிட்டுச் சொல்லுக்கு இடம் விட்டிருந்தாய்: ‘செய்தியை அனுப்பிய அடுத்த நொடியில் அதிலுள்ள பிழை கண்ணில் படுவது’. நீ அலமாரியில் போட்டுவைத்த இந்த நாள்களில் நான் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பட்டுத் தெரிந்துகொள்வது பட்டறிவு என்றால், அனுப்பித் தெரிந்துகொள்வதை ‘அனுப்பறிவு’ என்று சொல்லலாமா? எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் மின்னிறப்பைச் செய்தவளும் நான்தான். பென்சிலால் எழுதி வை. இதைவிட நல்லது உனக்குத் தோன்றினால், அழித்துவிட்டு உன்னுடையதை மையால் எழுது.

அன்புடன்,
உன் சித்தி