புகார்: மூன்று முறை விண்டோஸ் ஏற்றினீர்கள், ஒரு முறைகூடப் பெட்டியைத் திறக்கவில்லை

ஜார்ஜ்டவுன், பினாங்கு
9 பிப்ரவரி 2026

பெறுநர்: கிளை நிர்வாகி
நகல்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தலைமையகம்

ஐயா,

வணக்கம். லிட்டில் இந்தியாவில் ஒரு மாடி அறையில் அழைப்பிதழ், பதாகை, கருமக்கிரியை அட்டை வடிவமைத்துக் கொடுக்கும் சிறுதொழில் செய்கிறேன். ஆளும் நான் ஒருத்திதான், கணினியும் ஒன்றுதான். அந்தக் கணினியை 17 ஜூன் 2023 அன்று தங்கள் கிளையில் வாங்கினேன். அதில் 8 ஜிபி ரேம் இரண்டு, மொத்தம் 16 ஜிபி (ரேம் என்பது கணினி வேலை செய்யும்போது தகவலை வைத்துக்கொள்ளும் நினைவகம், மெமரி என்பதும் இதைத்தான்). ரசீதின் பின்பக்கத்தில் உதிரிபாகங்களுக்கு மூன்று ஆண்டு உத்தரவாதம் என்றும், மென்பொருள் தொடர்பான வேலைகளுக்குக் கட்டணம் உண்டு என்றும் அச்சிட்டிருக்கிறீர்கள். இந்த வரிக்குப் பிறகு வருவேன்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 14 அக்டோபர் 2025-உடன் முடிகிறது என்றதால், அதற்கு முந்தைய வாரமே என் அக்கா மகன் இணையம் வழியாக விண்டோஸ் 11-க்கு மாற்றிக் கொடுத்தான். தீபாவளி வேலையெல்லாம் அதில்தான் முடித்தேன், ஒரு தொந்தரவும் இல்லை. நவம்பர் 4-ஆம் தேதி முதன்முதலாகக் கணினி தானாக நின்று, தானாகத் திரும்ப எழுந்தது. அந்த வாரத்தில் மட்டும் ஐந்து தடவை. முன்பெல்லாம் நீலத் திரை என்பார்கள், இப்போது விண்டோஸ் 11-இல் அது கறுப்பாகவே வருகிறது. கீழே ஒரு வரியில் காரணம் போல ஏதோ எழுதியிருக்கும், படித்து முடிப்பதற்குள் போய்விடும். ஆகவே கைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படமெடுத்தேன். ஒரு நாள் "மெமரி மேனேஜ்மென்ட்". அடுத்த நாள் "பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா". இன்னொரு நாள் "ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்குவல்". ஒரே வியாதிக்கு ஏன் இத்தனை பெயர் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

நவம்பர் 10-இல் பழைய சேலை ஒன்றில் சுற்றித் தங்கள் கிளைக்குத் தூக்கி வந்தேன். பழைய விண்டோஸின் மேல் புதியதை ஏற்றியதால் வந்த கோளாறு, பழையதை அழித்துப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். 120 ரிங்கிட். இதில் தங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். யாராக இருந்தாலும் முதலில் அப்படித்தான் நினைப்பார்கள்.

ஆறு நாள் ஓடியது. ஏழாம் நாள் மறுபடியும் அதே கதை.

நவம்பர் 25-இல் இரண்டாம் முறை வந்தேன். முகப்பில் இருந்த தம்பியிடம் கைபேசிப் படங்களைக் காட்டினேன். அவர் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே, "அக்கா, நீங்க போட்டிருக்கிற தமிழ் ஃபாண்டுதான் கிராஷ் பண்ணுது" என்றார். நான் தமிழ் அடிப்பது முரசு அஞ்சலில், அது நம் நாட்டில் பிறந்த மென்பொருள். 1980-களிலிருந்து இந்த நாட்டில் தமிழை அச்சேற்றிக்கொண்டிருக்கிறது. என் கணினியில் மட்டும் நவம்பர் மாதத்தில் திடீரென்று அதற்கு என்ன கோபம் வந்தது என்று கேட்டேன். சிரித்தார். மீண்டும் அழிப்பு, மீண்டும் ஏற்றம், மீண்டும் 120 ரிங்கிட். என் வேலைக் கோப்புகள் இருந்தது டி டிரைவில். வேலைத்தாளில் "டி டிரைவைத் தொடக்கூடாது" என்று என் கையால் எழுதிக் கோடிட்டுக் கொடுத்திருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் டி டிரைவே இல்லை, எல்லாம் ஒரே சி டிரைவாக ஆகியிருந்தது. ஆகஸ்டு வரைக்கும் வெளி வன்தட்டில் நகல் வைத்திருந்தேன். செப்டம்பர் முதல் நவம்பர் வரைக்குமான வேலைகள் போயின. இந்த ஆண்டுத் தீபாவளிக்கு "போன வருஷம் போட்ட அதே டிசைன்" என்று கேட்டு வருவார்கள். அவர்களுக்கு நான் என்ன சொல்வேன்?

டிசம்பர் 12-ஆம் தேதி நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு பாட்டியம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு அட்டை. பாட்டியின் மகன் என் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பேரப் பிள்ளைகளின் பெயரை ஒன்றொன்றாகச் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். பதினான்காவது பெயரில் திரை கறுத்தது. கணினி எழுந்ததும் திறந்து பார்த்தால், சேமித்து வைத்திருந்த கோப்பும் திறக்க மறுத்தது. முதலிலிருந்து தொடங்கினோம். ஒன்பதாவது பெயரில் மறுபடியும் கறுத்தது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்: "பரவால்லக்கா, அம்மாவுக்கு இனிமே என்ன அவசரம்." துக்க வீட்டுக்காரர் எனக்கு ஆறுதல் சொல்லும்படி ஆனது. பெயர்களையெல்லாம் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, பக்கத்துக் கடையின் மடிக்கணினியில் இரவு பதினொரு மணிக்கு முடித்துக் கொடுத்தேன்.

டிசம்பர் 16-இல் மூன்றாம் முறை. இந்தத் தடவை உள்ளே இருந்து ஒரு தொழில்நுட்பர் வந்தார். விண்டோஸின் பதிவேட்டைத் திறந்து "கெர்னல் பவர் 41" என்ற வரியைக் காட்டி, "பவர் பிரச்சினை, உங்க கடைக் கரண்டு சரியில்ல" என்றார். மின்சாரம் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் யூபிஎஸ் ஒன்றை 260 ரிங்கிட்டுக்கு வாங்கச் சொன்னார். வாங்கினேன். அதோடு மறுபடியும் விண்டோஸ் ஏற்றி 150 ரிங்கிட் வாங்கினீர்கள். பட்டியலில் 120 ரிங்கிட் விண்டோஸுக்கு, 30 ரிங்கிட் "வன்பொருள் பரிசோதனை - சரி" என்று இருக்கிறது. மூன்று வேலைத்தாள்களிலும் அந்தச் "சரி"க்கு நேரே டிக் அடித்திருக்கிறது.

41 என்ற எண்ணைப் பற்றி நான் பிறகு தெரிந்துகொண்டேன். கணினி முறையாக அணைக்கப்படாமல் நின்றுபோனது என்று மட்டுமே அது சொல்லும். ஏன் நின்றது என்று சொல்லாது. ஆனால் அதே பதிவை விரித்துப் பார்த்தால் உள்ளே "பக்செக் கோடு", அதாவது பிழையின் எண், என்று ஒரு வரி இருக்கிறது. மின்சாரம் போய் நின்றிருந்தால் அங்கே பெரும்பாலும் 0 தான் இருக்கும். என் கணினியில் 26 என்று இருந்தது, சில நாளில் 80 என்று இருந்தது. 26-ஐப் பதினாறடிமான எண்ணாக மாற்றினால் 1ஏ, அதற்குப் பெயர் மெமரி மேனேஜ்மென்ட். 80 என்றால் 50, அது பேஜ் ஃபால்ட். நான் நவம்பரில் கைபேசியில் படமெடுத்துக் காட்டியதும் இதைத்தான். இரண்டு சொடுக்கு தூரத்தில் இருந்த பதிலைப் பார்க்காமல் எனக்கு யூபிஎஸ் விற்றிருக்கிறீர்கள்.

மூன்றாம் முறை வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு வேண்டுமென்றே நான் எதையும் ஏற்றவில்லை. தமிழ் எழுத்துரு இல்லை, ஃபோட்டோஷாப் இல்லை, அச்சுப்பொறிகூட இணைக்கவில்லை. வெறும் விண்டோஸ் மட்டும், யூபிஎஸ் வழியாக. டிசம்பர் 18 இரவு, அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தபோது நின்றுபோனது. அதன் பிறகு தங்களிடம் வரவில்லை. இரவல் மடிக்கணினியில் காலத்தை ஓட்டினேன்.

ஜனவரி 11, ஞாயிற்றுக்கிழமை, அக்கா மகன் விடுமுறைக்கு வந்தான். நடந்ததைச் சொன்னதும், "மூணு தடவை புதுசா போட்டும் அதேன்னா, அது விண்டோஸ் இல்ல சின்னம்மா" என்றான். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தங்கள் கிளையில் ஐந்து வாரமாக ஒருவரும் இல்லை. மெம்டெஸ்ட்86 என்ற இலவச நிரலைப் பென்டிரைவில் போட்டு, விண்டோஸைத் தொடாமல் நேரே அதிலிருந்து கணினியை எழுப்பினான். ரேமில் எழுதிப் பார்ப்பதும், எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்ப்பதும்தான் அதன் வேலை. பத்து நிமிடத்துக்குள் சிவப்பு வரிகள் இறங்க ஆரம்பித்தன. பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே எழும் கணினியின் அடிப்படை நிரலில், ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்துவிட்டு மறுபடியும் ஓட்டினான். அப்போதும் சிவப்பு.

இனி ரேமைக் கழற்ற வேண்டும். ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு பெட்டியின் பின்பக்கம் குனிந்தவன், "சின்னம்மா, இங்க வாங்க" என்று கூப்பிட்டான்.

அக்டோபர் 1-ஆம் தேதி சரஸ்வதி பூசையன்று, ஆண்டுதோறும் செய்வதைப் போல, கணினிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். முன்பக்கம் கண்ணாடி என்பதால், பின்பக்கம் பக்கவாட்டுத் தகடும் சட்டமும் சேரும் இடத்தில் வைத்தேன். அந்த இணைப்பின் மேல்தான் "அகற்றினால் உத்தரவாதம் இல்லை" என்ற தங்கள் ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கிறது. சந்தனம் பாதி ஸ்டிக்கரிலும் பாதி தகட்டிலுமாக, ஐம்பது காசு நாணயம் அளவுக்குக் காய்ந்து இறுகியிருந்தது. காய்ந்த சந்தனம் எப்படி இருக்கும் என்று தங்களுக்குத் தெரிந்திருக்கும். நகம் பட்டாலே பொருக்கு விட்டுவிடும். மூன்று "வன்பொருள் பரிசோதனை"களுக்குப் பிறகும் அதில் ஒரு கீறல் இல்லை. ஸ்டிக்கரிலும் இல்லை. தேதியோடு நான்கு படங்கள் எடுத்த பிறகுதான் பெட்டியைத் திறந்தோம்.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரேமைச் சோதிக்கப் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும் என்பதில்லை, பென்டிரைவ் போதும். விண்டோஸுக்குள்ளேயே மெமரி டயக்னாஸ்டிக் என்று ஒரு சோதனை இருக்கிறது, அதற்குப் பென்டிரைவ்கூட வேண்டாம். ஆகவே திறக்காமலே சோதித்தோம் என்று தாங்கள் சொல்லலாம். ஆனால் பத்து நிமிடத்தில் சிவப்பு வரி காட்டிய ரேமைச் சோதித்துவிட்டுச் "சரி" என்று எழுதியிருக்க முடியுமா? சோதிக்கவில்லை என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு ரேமையும் கழற்றி 1, 2 என்று ஒட்டுத்தாளில் எழுதினோம். ஒன்றை மட்டும் செருகி இரவு முழுக்க ஓட்டினான். ஒரு பிழையும் இல்லை. அதை எடுத்துவிட்டு அதே துளையில் இரண்டாவதைச் செருகினான். அடுக்கடுக்காகப் பிழைகள். துளையில் குறையா என்று பார்க்க, முதல் ரேமை மற்றத் துளைக்கு மாற்றியும் ஓட்டினான். பிழை இல்லை. பழுது இரண்டாவது ரேமில் மட்டும்தான் என்று உறுதியானது. ஒரே வியாதிக்கு ஏன் பல பெயர் என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. ரேமில் கெட்டுப்போன அந்த இடத்தில் எந்த நிரல் போய் உட்கார்கிறதோ, அதைப் பொறுத்துப் பிழையின் பெயர் மாறுகிறது. தங்கள் கிளையில் ஒரு மணி நேரம் சும்மா ஓட விட்டால் ரேம் அதிகம் நிரம்பியிருக்காது, அதனால் ஒன்றும் நடக்காமல் இருந்திருக்கலாம். என்னிடம் வந்து பத்தடிப் பதாகையைத் திறந்தால் ரேம் நிரம்பி, கெட்ட இடத்தைத் தொடும் வாய்ப்பு கூடும், தொட்டால் நின்றுபோகும். இதற்கிடையில் அந்தக் கெட்ட ரேமை வைத்துக்கொண்டே மூன்று முறை விண்டோஸ் ஏற்றியிருக்கிறீர்கள். ஓட்டைக் குடத்தில் மூன்று தடவை தண்ணீர் மொண்டு ஊற்றிவிட்டுத் தண்ணீருக்குக் காசு வாங்கியதைப் போல.

ஜனவரி 12 முதல் இன்று வரை ஒரே ஒரு 8 ஜிபி ரேமில் ஓடுகிறது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. தைப்பூசத்துக்குப் பதினொரு தண்ணீர்ப்பந்தல் பதாகைகளை இதில்தான் செய்தேன். மெதுவாக, ஒவ்வொன்றையும் சேமித்துவிட்டு எழுந்து போய்த் தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வரும் அளவுக்கு மெதுவாக, ஆனால் நிற்காமல்.

ஜனவரி 13-இல் தங்கள் கிளையைத் தொலைபேசியில் அழைத்து, ரேமை உத்தரவாதத்தில் மாற்றித் தரச் சொன்னேன். ஸ்டிக்கர் உடைந்துவிட்டதால் உத்தரவாதம் செல்லாது என்றார்கள். அதன் பிறகு வாட்ஸ்அப்பில் படங்களை அனுப்பினேன். "நோட்டட்" என்று பதில் வந்தது. அதோடு சரி. இந்தக் கடிதத்தை எழுதவைத்தது அந்த ஸ்டிக்கர் பேச்சுதான். அந்த ஸ்டிக்கரை நவம்பரிலேயே தாங்கள் உடைத்திருக்க வேண்டும். அதற்குத்தான் பணம் கொடுத்தேன்.

ரசீதின் பின்பக்க வரிக்கு வருகிறேன். கோளாறு மென்பொருளில் என்றால் செலவு என்னுடையது, உதிரிபாகத்தில் என்றால் தங்களுடையது. மூன்று முறையும் கோளாறு மென்பொருளில்தான் என்று தாங்கள் முடிவு செய்தது தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் வாடிக்கையாளர் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் அது எப்படித் தெரியும் என்று யோசியுங்கள். முகப்பில் இருக்கும் தம்பிமேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி அவர் மேசைக்கு வருகிறது என்பதைப் பார்த்திருக்கிறேன். அவரைக் கண்டித்துவிட்டு இந்தக் கணக்கை முடித்துவிடாதீர்கள்.

நான் கேட்பது இவைதான். பழுதான 8 ஜிபி ரேமுக்குப் பதில், அதே வேகத்தில் புதிய ரேம் ஒன்று உத்தரவாதத்தின்படி வேண்டும். ரேம் விலை இப்போது எங்கே ஏறி நிற்கிறது என்பது என்னைவிடத் தங்களுக்கு நன்றாகத் தெரியும். நவம்பரிலேயே கண்டுபிடித்திருந்தால் தங்களுக்கும் செலவு குறைந்திருக்கும். இரண்டாம், மூன்றாம் முறை வாங்கிய கட்டணம் 120-ம் 150-ம், ஆக 270 ரிங்கிட் திரும்ப வேண்டும். முதல் முறை கொடுத்த 120-ஐக் கேட்கவில்லை. யூபிஎஸ் காசையும் கேட்கவில்லை. ஏமாந்து வாங்கியதுதான், ஆனாலும் இடி மழைக்கு உதவுகிறது. டி டிரைவை அழித்ததற்கு எழுத்து மூலமான விளக்கம் வேண்டும். அந்தக் கோப்புகளுக்கு என்ன விலை போடுவது என்று எனக்கே தெரியாததால் தொகை கேட்கவில்லை.

இந்தக் கடிதம் கிடைத்த 14 நாளுக்குள் பதில் வராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு செய்வேன். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு, சேவை வழங்குபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும் என்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் வைக்க இடமில்லை, தாங்களும் வைக்க முடியாது. 50,000 ரிங்கிட் வரைக்கும் கோரலாம் என்ற இடத்தில் 270 ரிங்கிட்டுக்கும் ஒரு ரேமுக்கும் போய் நிற்பது எனக்கே கூச்சம்தான். ஆனால் போவேன்.

மூன்று வேலைத்தாள்கள், ரசீதுகள், 2023-ஆம் ஆண்டுக் கொள்முதல் ரசீது ஆகியவற்றின் நகலையும், கறுப்புத் திரை, மெம்டெஸ்ட், சந்தனப் பொட்டுப் படங்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். மூலப் படிகள் என்னிடம் உள்ளன. பழுதான ரேமை, 2 என்று எழுதிய ஒட்டுத்தாளோடு உறையில் போட்டு வைத்திருக்கிறேன். அதைப் பெற்றுக்கொள்ளத் தங்கள் ஆளை அனுப்புங்கள், செவ்வாய் தவிர எந்த நாளும் காலை பத்து மணிக்கு மேல் கடையில் இருப்பேன். கணினியை மறுபடியும் நான் தூக்கி வருவதாக இல்லை.

இப்படிக்கு,
ரசீதில் கண்ட பெயருடைய வாடிக்கையாளர்